கூப்பாட்டுப் பாறையும் இரண்டாவது கேள்வியும்

காய்ந்த சருகுகள் நொறுங்கும் சத்தம். சருகி என்ற சருகுமானின் காதில் அந்தச் சத்தம் எத்தனையோ காலமாகத் தங்கியிருந்தது.

சருகி சின்னஞ்சிறு குட்டியாக இருந்தபோது ஒரு முள்புதரில் மாட்டிக்கொண்டது. அதன் தாய் கூப்பாட்டுப் பாறைக்கு ஓடிப்போய்க் கத்தியது. உடனே காட்டின் நாலாபுறமிருந்தும் "எங்கே? எங்கே?" என்று குரல்கள் எழுந்தன. அதன் பிறகுதான் சருகுகள் நொறுங்கின. கனத்த கால், மெல்லிய கால், குளம்பு, பாதம் எல்லாம் கலந்து நெருங்கி வந்தன. யார் வந்தார்கள், யார் முள்ளை விலக்கினார்கள் என்பதெல்லாம் சருகிக்கு மறந்துவிட்டது. வருகிறவர்களின் காலடியில் இலை நொறுங்கிய சத்தம் மட்டும் மறக்கவில்லை.

அதனால்தான் தன் குட்டி பொடிசு வழுக்குச்சுனையில் விழுந்த பிற்பகலில், சருகி வேறெதையும் யோசிக்காமல் கூப்பாட்டுப் பாறையை நினைத்தது.

பொடிசு தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது கரையில் இருந்த பாசி வழுக்கிவிட்டது. உள்ளே ஒரு வேர் நீட்டிக்கொண்டிருந்தது. முன்னங்கால்கள் இரண்டையும் அதன் மேல் போட்டுக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குட்டி தொங்கியது. சருகி அதன் காதைக் கவ்வி இழுத்துப் பார்த்தது. பாசி சருகியையும் சேர்த்து இழுத்தது.

"வேரை விட்டுடாதே கண்ணு. நான் போய் ஆளைக் கூட்டிட்டு வரேன்."

"சீக்கிரம் வாம்மா. குளிருது."

சருகி ஓடியது.

கூப்பாட்டுப் பாறைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்திலேயே அருவி விழுவதால், பாறையடியில் நின்று சொல்வதில் பெரும்பகுதி அந்த இரைச்சலில் கரைந்துபோகும். கடைசிச் சொல்லை மட்டும் பாறை வாங்கிக்கொண்டு, காடு முழுவதும் கேட்கும்படி மூன்று முறை திருப்பிச் சொல்லும். முன்னாட்களில் விலங்குகளுக்கு இது தெரிந்திருந்தது. இடத்தின் பெயரைக் கடைசியில் வைத்துக் கூப்பிடுவார்கள். "கன்று வழிதவறிப் போச்சு, ஆற்றுமேட்டில்" என்றால், "ஆற்றுமேட்டில், மேட்டில், மேட்டில்" என்று பாறை சொல்லும். காதில் விழுந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

உதவி பெற்றவர் திரும்பி வந்து, நன்று சொல்லி, உதவியவர் பெயரையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. "நன்று, மயில்" என்று யாராவது சொன்னால், "மயில், மயில், மயில்" என்று காடே சொல்வதுபோல் இருக்கும். தன் பெயரை ஒருமுறை அப்படிக் கேட்டவருக்கு, மறுபடியும் கேட்காமல் இருக்க முடியவில்லை. அப்படிப்பட்டவர்கள் மெல்ல மெல்லப் பாறை மேலேயே குடியேறினார்கள். நன்று அதிகம் வாங்கியவருக்கு மேல் படி என்று ஏற்பாடு ஆயிற்று. மேல் படிக்குப் போனவர்கள் கீழே இறங்குவதை விட்டுவிட்டார்கள். இறங்கிப் போனால் அதற்குள் அடுத்த கூப்பாடு வந்துவிடும். அந்த நன்று வேறு யாருக்காவது போய்விடும். அதனால் இருந்த இடத்தை விட்டு அசையாமலேயே உதவி செய்ய ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதற்கு 'பதில்' என்று பெயர் வைத்தார்கள்.

பதில் சொல்லும் வழக்கம் வந்த பிறகு "எங்கே?" என்ற சொல் பாறையிலிருந்து மறைந்துபோனது. எங்கே என்று கேட்டுவிட்டால் போக வேண்டியிருக்கும் அல்லவா?

இப்போது மேல் படியில் இருந்தது மயில். அடுத்த படியில் இருவாச்சி. அதன் அலகின் மேல் இன்னோர் அலகு இருப்பதால், ஒழுங்கு முறைகளையெல்லாம் அதுவே பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு கூப்பாடும் "பெரியோர்களே" என்று மரியாதையாக முடிய வேண்டும் என்பது இருவாச்சி போட்ட விதி. அன்றிலிருந்து பாறை நாளெல்லாம் "பெரியோர்களே, யோர்களே, யோர்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தது. மேலே இருந்தவர்களின் காதுக்கு அது இனிமையாக இருந்தது. இடத்தின் பெயர்கள் அருவியோடு போயின.

சருகி மூச்சிரைக்கப் பாறையடியில் வந்து நின்றது. பழக்கத்தை மீறவில்லை.

"என் குட்டி விழுந்துடுச்சு, வழுக்குச்சுனையில கிடந்து தவிக்குது, யாராவது வாங்க, பெரியோர்களே."

"பெரியோர்களே, யோர்களே, யோர்களே" என்றது பாறை.

'குட்டி', 'விழுந்து' என்ற இரண்டு சொற்கள் அருவியின் இரைச்சலைத் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தன. மயிலுக்கு அது போதும். அது தோகையை ஒருமுறை உதறிக்கொண்டது.

"அஞ்சாதே தாயே. பள்ளத்தில் விழுந்த குட்டியை மீட்பது எளிது. பள்ளத்துக்குள் சுற்றிலும் மண்ணைத் தள்ளிக்கொண்டே இரு. மண் உயர உயர, குட்டி அதன் மேல் ஏறி ஏறித் தானாக வெளியே வந்துவிடும். சொல்வது மயில்."

"மயில், மயில், மயில்" என்றது பாறை.

"மண்ணைத் தள்ளினா மூடிக்குமே அண்ணே. அது பள்ளம் இல்லே, தண்ணி..."

"பதில் வந்துகொண்டிருக்கும்போது கேட்டவர் குறுக்கே பேசக் கூடாது" என்று இருவாச்சி அதட்டியது. "தவிர, இது பழைய கேள்வி. போன மழைக்காலத்தில் முயல் இதையே கேட்டது. அதற்குச் சொன்ன பதிலே இதற்கும் பொருந்தும்."

"அந்த முயல் குட்டி என்ன ஆச்சு ஐயா?"

இருவாச்சி யோசித்தது. "அந்தப் பதிலுக்கு நிறைய நன்று கிடைத்தது" என்றது.

"குட்டிக்கு?"

"அது கேள்வியில் இல்லை."

இதற்குள் பாறையை ஒட்டிய மரத்திலிருந்து மந்தி ஒன்று விசும்பத் தொடங்கியது. "ஐயோ, இதைக் கேட்டதும் எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வருது. என் ரெண்டாவது பிள்ளை கிளையில இருந்து விழுந்தப்போ நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூணு நாள் ஒரு கொழுந்து உள்ளே இறங்கலை எனக்கு."

"பாவம் மந்தியக்கா" என்றது பக்கத்தில் இருந்த கிளி.

"மனசைத் தேற்றிக்கொள் மந்தி" என்றது மயில்.

"இப்போ பரவாயில்லையா அக்கா?" என்று கிளி மறுபடியும் கேட்டது.

எல்லாரும் மந்தியைச் சுற்றிக்கொண்டார்கள். மந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே நின்ற சருகியைப் பார்த்து, "நீ கலங்காதேம்மா. உன் வலி எனக்குப் புரியுது" என்றது. பிறகு தன் பிள்ளையின் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தது.

சருகி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. 'நான் ஓடி வந்தது எவ்வளவு நேரம் இருக்கும்? அது இன்னும் வேரைப் பிடித்துக்கொண்டிருக்குமா?' அது காதை நிமிர்த்திக்கொண்டு கேட்டது. காட்டில் எங்கேயும் ஒரு சருகுகூட நொறுங்கவில்லை.

அப்போது பாறைக்குப் பக்கத்துப் புதரிலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"இந்தாம்மா. இப்படி வா. அதுங்க பேசிட்டேதான் இருக்கும். எங்கே விழுந்துச்சு?"

எங்கே. அந்தச் சொல்லைக் கேட்டதும் சருகியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. புதருக்கு அருகே ஓடியது. உள்ளே நரி உட்கார்ந்திருந்தது. அதன் முகத்தில் அப்படி ஓர் அக்கறை.

"என்கிட்ட மட்டும் சொல்லு. இதை எல்லாருக்கும் கத்தாதே, காலம் கெட்டுக் கிடக்கு. இடம் தெரிஞ்சா போதும், இப்பவே ஓடுறேன்."

"வழுக்கு..." என்று சருகி தொடங்கியது.

"ம், சொல்லு. ஆமா, குட்டி எந்த அளவு இருக்கும்? நல்லாப் பால் குடிச்சு வளர்ந்த பிள்ளையா?"

"நல்லாக் குடிக்கும். ரெண்டு பிள்ளை குடிக்கிறதை அது ஒண்ணே..."

பெருமையில் அவ்வளவும் வாயிலிருந்து வந்துவிட்டது. அதன் பிறகுதான் சருகி நரியின் வாயைப் பார்த்தது. ஓரத்தில் ஈரம் மின்னியது. நரி அதை நாக்கால் நக்கி உள்ளே இழுத்துக்கொண்டது.

"வழுக்குன்னு சொன்னியே. வழுக்குப்பாறையா? வழுக்கு மரத்தடியா? சொல்லும்மா, நேரம் போகுது. நான் உதவத்தானே கேக்கறேன்."

சருகி பின்னால் நகர்ந்தது. பாதிப் பெயர் ஏற்கெனவே நரியிடம் போய்விட்டது. மீதியைத் தேடிக் கண்டுபிடிக்க நரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அந்தச் சமயத்தில் அருவி ஓடைக்கு அந்தப் பக்கம், நாணல் காட்டுக்குள்ளிருந்து, பாறையில் மோதும்படி ஓர் உறுமல் கேட்டது.

"எந்தப் பீடை அங்கே கத்திக்கிட்டு இருக்கு? பெரியோர்களே, பெரியோர்களேன்னு. ஒரு மனுசன் மத்தியானத்துல கண்ணை மூட வேண்டாமா?"

அது கிழக் காட்டுப்பன்றி. அது மனுசன் இல்லை என்பதை எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

"என்னதான் ஆச்சு? சொல்லித் தொலை. எங்கே?"

"எங்கே, எங்கே, எங்கே" என்றது பாறை.

வெகுகாலமாக அந்தச் சொல்லைப் பாறை சொன்னதில்லை. மேல் படியில் மயில் திடுக்கிட்டுத் தோகையைச் சுருட்டிக்கொண்டது. மந்திகூடத் தன் கதையை நிறுத்தியது.

"நாகரிகம் இல்லாதவன்" என்றது இருவாச்சி.

சருகி பயந்துபோய் நின்றது. இப்போதுதான் ஒருவர் எங்கே என்று கேட்டார். அவர் கேட்டது எதற்கு என்பதும் தெரிந்தது. இவர் எதற்குக் கேட்கிறாரோ?

பன்றி மறுபடி உறுமியது. "காது கேக்கலையா? பள்ளத்துல விழுந்துச்சுன்னு அந்த மயில் அளந்துச்சே, எவ்வளவு ஆழம்?"

"ஆழம், ஆழம், ஆழம்" என்றது பாறை.

சருகிக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து நின்றது. குட்டி எவ்வளவு பருமன் என்று இது கேட்கவில்லை. ஆழத்தைக் கேட்கிறது.

ஆனால் ஓடை தாண்டி இருக்கும் பன்றிக்குக் காதோடு சொல்ல முடியாது. பாறையில்தான் சொல்ல வேண்டும். பாறையில் சொன்னால் நரிக்கும் கேட்கும். வேரில் தொங்கும் குட்டியிடம் இரண்டில் ஒன்று முதலில் போய்ச் சேரும். எது என்று இங்கே நின்று தெரிந்துகொள்ள முடியாது.

சருகி பாறையை நெருங்கி நின்று, தன் சின்னத் தொண்டை கிழியக் கத்தியது. "குட்டிக்குக் கால் எட்டாத ஆழம், இடம் வழுக்குச்சுனை."

"வழுக்குச்சுனை, சுனை, சுனை."

பிறகு இருவாச்சியின் குரல் மேலிருந்து கோபத்தோடு வந்தது.

"'பெரியோர்களே' எங்கே?"

அன்று பாறை மேலிருந்து யாராவது 'எங்கே' என்று கேட்டது அந்த ஒரே முறைதான்.

அதற்குப் பதில் சொல்லச் சருகி அங்கே இல்லை. நரியும் இல்லை. நாணலை முறித்துக்கொண்டு, கல்லை உருட்டிக்கொண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் பெரிதாக ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் காலடியில் சருகுகள் நொறுங்கின. ஓடிக்கொண்டே சருகி அதைக் கேட்டது. சின்ன வயதில் கேட்டது காடே திரண்டு வந்த சத்தம். இப்போது ஒரே ஒருவரின் சத்தம். ஆனாலும் அதே சத்தம்தான்.

சருகி சுனைக்கு வந்தபோது பன்றி அங்கே இருந்தது. எதிர்க்கரையில் நரியும் இருந்தது. நடுவே தண்ணீரில், பொடிசின் ஒரு கால் மட்டும் வேரின் மேல் இருந்தது.

"இதுவா இடம்?" என்று பன்றி சீறியது. "இது நான் குடிக்கிற தண்ணிடி. இதுல செத்துக் கிடந்தா நான் எங்கே போய்க் குடிக்கிறது?"

சொல்லிக்கொண்டே அது கரையின் மண் பக்கத்தைத் தன் மூக்கால் முட்டியது. கோரைப் பல்லால் கிளறியது. மண்ணும் கல்லும் சரிந்தன. மயிலின் யோசனைப்படி உள்ளே போகவில்லை, வெளியே வந்து விழுந்தன. கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு சரிவு உண்டாயிற்று.

"நானும் உதவத்தான் வந்தேன்" என்றது நரி எதிர்க்கரையிலிருந்து.

"வாயைத் துடைச்சுக்கிட்டுச் சொல்லு."

"நிஜமாத்தான். ரெண்டு பேர் இருந்தா..."

பன்றி தலையைத் தூக்கி அதைப் பார்த்தது. நரிக்கு வேறெங்கோ வேலை இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பன்றி தண்ணீருக்குள் இறங்கியது. குட்டிக்குப் பின்னால் போய் மூக்கைக் கொடுத்தது. குட்டியின் பின்னங்கால் ஒன்று அடிவேரில் சிக்கியிருந்தது. மென்மையாக எடுக்கப் பன்றிக்குத் தெரியாது. ஒரே உந்தலில் குட்டி சரிவின் மேல் வந்து விழுந்தது. சருகி அதன் முகத்தையும் வயிற்றையும் நக்கிக்கொண்டே இருந்தது. குட்டி வாயைத் திறந்து, "நான் விடவேயில்லைம்மா" என்றது.

குடிக்கிற தண்ணீருக்கு இனி ஆபத்தில்லை. பன்றி அப்போதே போயிருக்கலாம், ஆனால் போகவில்லை. பக்கத்துச் சேற்றில் உட்கார்ந்துகொண்டு, குட்டி எழுந்து நிற்கும் வரை வேறு பக்கம் பார்த்தபடி முனகிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு நன்று சொல்லணும்" என்றது சருகி. "பாறையில உங்க பேரை..."

"சொன்னே, அடுத்த முறை நானே உன்னைத் தண்ணில தள்ளுவேன். பேர் தெரிஞ்சா ஆளாளுக்கு வந்து கூப்பிடும். என் தூக்கம் போயிடும். போ, போய்ப் பிள்ளையைக் காய வை. இனிமே இந்தச் சரிவு வழியா இறங்கச் சொல்லு. அந்தப் பக்கம் வழுக்கும்."

மறுநாள் சருகி பாறைக்குப் போனது. நன்று சொல்ல வராதவர்களை மறுபடி கூப்பிட விடமாட்டார்கள். குட்டி வைத்திருப்பவளுக்கு இன்னொரு முறை கூப்பிட வேண்டி வரலாம்.

"வந்தாயா?" என்றது மயில். "மண்ணைத் தள்ளினாயா?"

"இல்லே அண்ணே."

"தள்ளியிருந்தால் இன்னும் சீக்கிரம் வெளியே வந்திருக்கும்."

"யார் உதவினார்கள்? பெயரைக் கடைசியில் சொல்" என்றது இருவாச்சி.

சருகி மேலே நிமிர்ந்து பார்த்தது. "நன்று. எல்லாரும் சொன்னீங்க. ஒண்ணே ஒண்ணுதான் வந்தது."

"வந்தது, வந்தது, வந்தது" என்றது பாறை.

"எது வந்தது?" என்று மேலே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

"எனக்குத் தெரியும்" என்றது மந்தி. "நான் மரத்து மேல இருந்து பார்த்தேன். நேத்து இவ கத்தினதும் முதல்ல சுனைப் பக்கம் ஓடினது நரிதான். பாவம், என்ன ஓட்டம். எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"பன்றியும் கூச்சல் போட்டதே" என்றது மயில்.

"பன்றி கேள்விதான் கேட்டது" என்று இருவாச்சி தீர்ப்புச் சொன்னது. "கேள்வி கேட்டவருக்கு நன்று கிடையாது."

"நரி என்கிட்ட குட்டி எவ்வளவு கொழுப்புன்னு கேட்டுச்சு ஐயா. அது வந்தது தின்னறதுக்கு..." என்று சருகி பதறியது.

"உதவ ஓடியவரைப் பழிக்காதே. நேற்று 'பெரியோர்களே' சொல்லாமல் விட்டதையும் நான் மறக்கவில்லை. இனி நீ பாறையில் கூப்பிட வேண்டாம்."

கிளி குரலை உயர்த்தி, "நன்று, நரி" என்றது.

"நரி, நரி, நரி" என்று காடு முழுவதும் கேட்டது. நரி புதரிலிருந்து வெளியே வந்து அடக்கமாகத் தலை குனிந்தது.

பொடிசு பிழைத்துக்கொண்டது. வேரில் சிக்கிய கால் சற்று இழுத்தபடிதான் இருந்தது. தாயும் பிள்ளையும் வழுக்குச்சுனைப் பக்கமே குடிபோனார்கள். பன்றி அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் திட்டியது. காற்று இந்தப் பக்கம் வீசும் நாட்களில், பாறையிலிருந்து 'பெரியோர்களே' கேட்கும். சருகி காதை நிமிர்த்திக்கொண்டு, பாறை சொல்லாமல் விட்ட இடத்தின் பெயர் எதுவாக இருக்கும் என்று யோசிக்கும். சில சமயம் பொறுக்க முடியாமல் தன் சின்னக் குரலில் "எங்கே?" என்று கத்தும். அது ஓடையைத் தாண்டுவதில்லை.

உதவ வருகிறவரின் மனதை அவர் சொல்லும் பதிலாலோ, வடிக்கும் கண்ணீராலோ, முதலில் கேட்கும் கேள்வியாலோகூட அறிய முடியாது. அவர் கேட்கும் இரண்டாவது கேள்வியால்தான் அறிய முடியும்.

நரி இப்போது பாறையின் மேல் படியில் இருக்கிறது. முன்பைவிட நன்றாகப் பருத்திருக்கிறது.